பயோ வாஷ் நொதிக்குத் தலையும் வாலும் உண்டு

திருப்பூரில் துணி சம்பந்தமாக எந்த வேலை செய்தாலும் ‘பயோ வாஷ்’ என்ற பேச்சு காதில் விழாமல் போகாது. சாயப்பட்டறையில் அது ஒரு வேலை. ஆர்டர் தாளில் அது ஒரு வரி. கடையில் வாங்கும் டீ-சர்ட்டின் அட்டையில்கூட அது அச்சாகியிருக்கும். அந்த வேலையைச் செய்வது ஒரு நொதி (உயிர்களின் உடலில் உருவாகி, வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதம்). பட்டறையில் இதை என்சைம் என்போம்.

இந்த வகை நொதியின் உருவத்தை எக்ஸ்-கதிர்களைக் கொண்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘உருவம் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். நொதி கேனோடு வரும் தாளில் இத்தனை டிகிரி, இத்தனை பிஹெச், இத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதே, அதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்த உருவத்தில்தான் இருக்கிறது. காரணம் தெரிந்தவர் அந்த நிபந்தனைகளை மீற மாட்டார். அதனால் துணியும் பணமும் மிஞ்சும்.

முதலில், பயோ வாஷ் என்ன செய்கிறது?

நிட்டிங் முடிந்து வந்த பருத்தித் துணியை மடித்து, மடிப்பின் விளிம்பை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு முழுக்க மெல்லிய பிசிறுகள் எழுந்து நிற்கும். நூலில் சரியாகப் பிடிபடாத நார் நுனிகள் அவை. நாலு முறை உடுத்தித் துவைத்ததும் இவை ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு சிறு உருண்டைகளாகின்றன. அதைத்தான் பில்லிங் என்கிறோம். பயோ வாஷ் செய்த துணியை அதே விளக்கில் பிடித்தால் விளிம்பு சுத்தமாகத் தெரியும்.

பிசிறை எடுக்கும் நொதியின் பெயர் செல்லுலேஸ் (பருத்தி நாருக்கு ஆதாரமான செல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும் நொதி). மண்ணிலும் மக்கும் இலையிலும் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சாப்பாட்டுக்காக இதைச் சுரக்கின்றன. பட்டறைக்கு வரும் சரக்கு பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து எடுத்தது. ஆனால் பூஞ்சை செல்லுலேஸில் கண்ட அதே தலை-வால் அமைப்பை பாக்டீரியா செல்லுலேஸ்களிலும் கண்டிருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது அப்படி ஒரு பாக்டீரியா நொதியைத்தான்.

அப்படியானால் கேனுக்குள் பூஞ்சையோ பாக்டீரியாவோ உயிரோடு இருக்குமா? இருக்காது. கிருமியை வளர்த்து, அது சுரந்த நொதியை மட்டும் பிரித்தெடுத்து, கெடாமலிருக்கச் சில பொருட்களைச் சேர்த்து விற்கிறார்கள். அது உயிரில்லாத ஒரு புரதம்.

நொதியின் உருவத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட முடியாதா?

முடியாது. நீங்கள் பார்க்கும் வெளிச்சத்தின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு). செல்லுலேஸ் அதைவிட மிகச் சிறியது. பூஞ்சை செல்லுலேஸ் ஒன்றின் நீளம் சுமார் 18 நானோமீட்டர். ஒரு பருத்தி நாரின் தடிமன் 15 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதன் குறுக்கே எண்ணூறுக்கும் மேற்பட்ட நொதிகளை நீளவாக்கில் வரிசையாக அடுக்கலாம். இவ்வளவு சிறிய பொருளின் உருவத்தை அறிய அலைநீளம் குறைந்த கதிர் வேண்டும். எக்ஸ்-கதிரின் அலைநீளம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பதுபோல் நொதியையும் எடுக்கிறார்களா? இல்லை, இது வேறு முறை. நொதி கரைந்த ஒரு சொட்டுத் திரவத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் வைத்து, அதன் வழியே எக்ஸ்-கதிரைச் செலுத்துகிறார்கள். பெரும்பகுதி நேராகப் போய்விடும். மிகச் சிறு பகுதி மட்டும் நொதியில் பட்டு, பாதை சற்றே விலகிப் போகும். எந்தக் கோணத்தில் எவ்வளவு விலகியது என்பதை எதிரே உள்ள கருவி பதிவு செய்கிறது. இதுதான் சிறுகோண எக்ஸ்-கதிர் சிதறல் (நேர்ப் பாதையிலிருந்து சில டிகிரிக்குள் விலகும் கதிரை அளந்து உருவத்தைக் கணிக்கும் முறை). இதற்குக் கணித அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் 1930-களில் வேலை செய்த பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே கினியே.

கோணத்தை வைத்து உருவத்தை எப்படிச் சொல்வது? பொருள் பெரிதாக இருந்தால் கதிர் குறுகிய கோணத்துக்குள்ளேயே சிதறும். சிறிதாக இருந்தால் அகலமாகச் சிதறும். உருண்டையான பொருள் ஒரு விதமாகவும், நீண்ட பொருள் வேறு விதமாகவும் சிதறடிக்கும். அந்தப் பதிவிலிருந்து பொருளின் நீளம் எவ்வளவு, அது கட்டியாக இருக்கிறதா தளர்ந்து நீண்டிருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிடலாம்.

தண்ணீரும் கதிரைச் சிதறடிக்குமே? ஆமாம், சரியான சந்தேகம். அதனால் நொதி சேர்க்காத அதே கரைசலைத் தனியாக வைத்து அளந்து, அந்த அளவைக் கழித்துவிடுகிறார்கள். கழித்த பிறகு மிஞ்சுவது நொதியின் பங்கு. இந்தக் கழித்தலில் கவனம் பிசகினால் முடிவு முழுவதும் பிசகும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அணு அணுவாக எது எங்கே இருக்கிறது என்று இது காட்டாது. அதைக் காட்டுவது படிக முறை. நொதியை உப்புக்கல் போல் படிகமாக்கி, அதில் எக்ஸ்-கதிரைச் செலுத்த வேண்டும். ஆனால் நடுவில் துவளும் பாகமுள்ள நொதி எளிதில் படிகமாகாது. செல்லுலேஸ் அந்த ரகம். துண்டுகளைத் தனித்தனியே ஆராய முடிந்ததே தவிர, முழு நொதி தண்ணீரில் எப்படி நிற்கிறது என்பதைக் காட்ட சிதறல் முறைதான் கைகொடுத்தது.

கண்டுபிடித்தது என்ன?

செல்லுலோமோனாஸ் ஃபிமி என்று ஒரு மண் பாக்டீரியா. அது சுரக்கும் செல்லுலேஸ்களில் ஒன்றுக்கு சென்-ஏ என்று பெயர். கனடாவில் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கில்பர்ன், மில்லர், வாரன், கில்க்ஸ் ஆகியோர் இந்த பாக்டீரியாவை நெடுநாள் ஆராய்ந்தவர்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இன்கிரிட் பில்ஸ் சிதறல் முறையில் தேர்ந்தவர். இரு தரப்பும் சேர்ந்து சென்-ஏவின் உருவத்தை 1990-இல் வெளியிட்டார்கள்.

மழைக்காலத்தில் குட்டையில் நீந்தும் தலைப்பிரட்டையைப் பார்த்திருப்பீர்கள். சென்-ஏ அந்த வடிவம். ஒரு பெரிய தலை, அதிலிருந்து நீளும் வால். கிராஸ் நகரிலேயே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பூஞ்சை செல்லுலேஸை அளந்தபோதும் இதே வடிவம்தான் வந்தது. பூஞ்சையும் பாக்டீரியாவும் உயிர்களின் வரிசையில் வெகு தூரத்தில் இருப்பவை. இரண்டின் நொதிகளும் கட்டுமான வரிசையில் ஒத்துப்போவதில்லை. இருந்தும் ஒரே வேலைக்கு ஒரே மாதிரி உருவத்தை அடைந்திருக்கின்றன. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

தலைக்கு என்ன வேலை, வாலுக்கு என்ன வேலை? தலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. செல்லுலோஸ் சங்கிலி அந்தப் பள்ளத்தில் படிந்ததும் அறுபடுகிறது. வாலில் உள்ள ஒரு பாகம் பருத்தியைப் பற்றிக்கொள்ளும். தலைக்கும் பற்றும் பாகத்துக்கும் நடுவே புரோலின், த்ரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் சிறு மூலக்கூறுகள்) மாறி மாறி வரும் ஓர் இணைப்பு இருக்கிறது.

இது ஊகமா, நிரூபித்ததா? நிரூபித்ததுதான். கில்க்ஸ் குழு 1988-இல் அதே பாக்டீரியாவின் இன்னொரு நொதியைக் கொண்டு வாலைத் துண்டித்துப் பார்த்தது. தண்ணீரில் கரையும் வகை செல்லுலோஸைத் தலை தனியாகவே அறுத்தது. பருத்தியைப் போன்ற கெட்டியான செல்லுலோஸைக் கொடுத்தபோது வேலை குறைந்துபோனது. பற்றிக்கொள்ள ஆளில்லாமல் தலையால் மட்டும் கெட்டி நாரைச் சமாளிக்க முடியவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டில் மட்டும் நடப்பதா?

புரதத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெருமை உண்டு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கியது என்று 1954-இல் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான். இன்று இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இந்தஸ்-2 என்ற சின்குரோட்ரான் (எலெக்ட்ரான்களை வட்டப் பாதையில் மிக வேகமாகச் சுற்றவிட்டு, வலுவான எக்ஸ்-கதிர் உண்டாக்கும் இயந்திரம்) இயங்குகிறது. சுற்றளவு 172.5 மீட்டர். சிறுகோணச் சிதறலுக்கென்றே அங்கு ஒரு தனி நிலையம் உண்டு.

சரி, பட்டறைக்கு வருவோம். இந்த உருவம் தெரிந்ததால் உங்களுக்கு என்னென்ன புரியும்?

ஒரு பெரிய சந்தேகத்திலிருந்து தொடங்கலாம். துணியும் செல்லுலோஸ், பிசிறும் செல்லுலோஸ். நொதி பிசிறை மட்டும் எப்படி எடுக்கிறது? அதற்கு ஆள் பார்த்து அறுக்கத் தெரியாது. நொதி பெரிய மூலக்கூறு. நாருக்குள் உள்ள நுண்துளைகள் வழியே அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. எனவே மேற்பரப்பில்தான் முதலில் வேலை செய்யும். நூலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு எல்லாப் பக்கமும் அகப்படும். சீக்கிரம் பலம் இழக்கும். அதை உடைத்துத் தள்ளுவது சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி ஓடும் ஓட்டமும் உரசலும்தான். அளவுக்கு மேல் துணி ஏற்றி ஓட்டத்தைக் குறைத்தால், நொதி எவ்வளவு நல்லதானாலும் பிசிறு அப்படியே இருக்கும். அப்போது பலரும் டோஸை ஏற்றுகிறார்கள். அது தப்பு. லோடைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது. சோடா செலவாகித் தீரும். நொதி தீராது. ஒரு சங்கிலியை அறுத்ததும் அதே நொதி அடுத்ததற்குப் போகும். நீங்கள் நிறுத்தும் வரை அது தானாக நிற்காது. நாற்பது நிமிடம் என்று தாளில் இருக்கும்போது, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மெஷின் இன்னொரு நாற்பது நிமிடம் ஓடட்டும் என்று விட்டால், பிசிறு போன பிறகு நூலில் கைவைக்கும்.

வடித்து, தண்ணீரில் அலசிவிட்டால் போதாதா? போதாது. வால்தான் காரணம். பருத்தியைப் பற்றிக்கொள்ளவே அமைந்த பாகம் அது. வெறும் அலசலில் முழுவதும் போகாது. நொதியைச் செயலிழக்கச் செய்யாமல் (பட்டறைப் பேச்சில் ‘கொல்லாமல்’) பயோ வாஷ் முடிந்த ஈரத்துணியை இரவு முழுக்கத் தள்ளுவண்டியில் போட்டுவைத்தால், உள்ளே நொதி வேலை செய்துகொண்டே இருக்கும். காலையில் பர்ஸ்டிங் ஸ்ட்ரென்த் (நிட் துணி எவ்வளவு அழுத்தத்தில் கிழியும் என்ற அளவு) குறைந்திருக்கும். குற்றம் நூலின்மேல் விழும். நூல்காரர் மறுப்பார். சண்டைதான் மிச்சம்.

எப்படிக் கொல்வது? இரண்டு வழி. சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டலாம், அல்லது சோடா ஆஷ் போட்டு பிஹெச்சை (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடு) 10-க்கு மேல் கொண்டுபோகலாம். உங்கள் சரக்கின் தாளில் எது சொல்லியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். கொன்ற பிறகு அலசுங்கள்.

சூடு ஏன் கொல்கிறது? தலை என்பது ஒரே நீண்ட புரதச் சங்கிலி மடிந்து மடிந்து உருவான கட்டி. சூடு ஏறினால் மடிப்பு அவிழும். பள்ளமே இல்லாமல் போகும். கட்டியாக இருந்தது தளர்ந்து விரிவதை சிதறல் பதிவில் தெளிவாகக் காணலாம். பல சரக்குகள் 50 முதல் 55 டிகிரியில் நன்றாக வேலை செய்கின்றன. ‘இன்னும் பத்து டிகிரி ஏற்றினால் சீக்கிரம் முடியுமே’ என்று ஏற்றினால் முதல் சில நிமிடம் வேகமாகப் போகும், பிறகு நொதியே செத்துவிடும். அதனால் நொதியைக் கொதிநீரில் கரைத்து ஊற்றாதீர்கள். மெஷினில் சூடு சரியான அளவுக்கு வந்த பிறகு சேருங்கள்.

பிஹெச் ஏன் இவ்வளவு முக்கியம்? பள்ளத்தின் நடுவில் அமிலக் குணமுள்ள இரண்டு இடங்கள் சேர்ந்து சங்கிலியை அறுக்கின்றன. அதில் ஒன்று ஹைட்ரஜனைத் தாங்கியிருக்க வேண்டும், மற்றது விட்டிருக்க வேண்டும். பிஹெச் மாறினால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். ஆசிட் வகை செல்லுலேஸுக்கு 4.5 முதல் 5.5 வரையும், நியூட்ரல் வகைக்கு 6, 7 அளவிலும் பொதுவாகத் தேவைப்படும். பிளீச்சிங்குக்குப் போட்ட காஸ்டிக் துணியில் மிச்சமிருந்தால், நீங்கள் விட்ட அசிட்டிக் ஆசிட் அதைச் சரிக்கட்டவே போய்விடும். ஆசிட் விட்டுக் கொஞ்ச நேரம் துணியை ஓடவிட்டு, மறுபடி பிஹெச் தாளை நனைத்துப் பார்த்து, பிறகு நொதியைச் சேருங்கள். முதல் முறை பார்த்த நிறத்தை நம்பி ஊற்றினால் காசு தண்ணீரோடு போகும்.

பிளீச்சிங்கில் போட்ட பெராக்சைடு மிச்சமிருந்தால்? அதுவும் நொதியைக் கெடுக்கும். அதற்குத்தான் பெராக்சைடு கில்லர். அதுவும் ஒரு நொதியே. பெயர் கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது). மாட்டு ஈரலிலிருந்து எடுத்த கேட்டலேஸின் அணு அமைப்பை எக்ஸ்-கதிர் படிக முறையில் 1981-இல் வெளியிட்ட குழுவில் எம்.ஆர்.என். மூர்த்தி இருந்தார். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்த அவர், பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

பணக் கணக்குக்கு வருவோம். பயோ வாஷில் எடை குறையத்தான் செய்யும், பிசிறு போகிறதே. ஆனால் நிட் துணிக்குக் கணக்கு கிலோவில். ஆயிரம் கிலோ லாட்டில் 3 சதவீதம் குறைந்தால் 30 கிலோ. 5 சதவீதம் என்றால் 50 கிலோ. அது உங்கள் கைக்கு வராது. லின்ட் ஃபில்டரில் பஞ்சாகக் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஜிஎஸ்எம் கட்டரில் (100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு வெட்டும் கருவி) பயோ வாஷுக்கு முன்னும் பின்னும் வெட்டி எடை போட்டு, கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வந்துவிடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: துணி சுருங்கினால் ஜிஎஸ்எம் ஏறும், எடை இழப்பை அது மறைத்துவிடும். ஆகவே முழு லாட்டையும் காயவைத்த பிறகு எடை போட்டு ஒப்பிடுவதும் அவசியம்.

பாலி-காட்டன் துணிக்கு இது பலிக்குமா? பருத்திப் பிசிறு மட்டும் போகும். பாலியஸ்டரை செல்லுலேஸ் தொடாது. அதனால் பாலியஸ்டர் பிசிறு உருண்டை கட்டுவதைப் பயோ வாஷால் தடுக்க முடியாது. விஸ்கோஸ் துணிக்கு எதிர்ப் பிரச்சினை. அதுவும் செல்லுலோஸ்தான், ஆனால் ஈரத்தில் பலம் குறைவு. டோஸையும் நேரத்தையும் சிறு துண்டில் பார்த்துவிட்டுத்தான் லாட்டில் கைவைக்க வேண்டும். ரியாக்டிவ் சாயம் ஏறிய பருத்தியில் சாயம் சங்கிலியில் ஒட்டி வழிமறிப்பதால் வேலை மெதுவாகும். வெள்ளைத் துணிக்குப் பழகிய டோஸ் அடர் கலருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

நீங்கள் பட்டறைக்காரர் அல்ல, டீ-சர்ட் வாங்குபவர் என்றால்? கடையில் துணியை இரண்டாக மடித்து விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். அட்டையில் எழுதியதை அது சொல்லிவிடும். நொதி உடம்புக்கு ஆகாதோ என்று பயப்பட வேண்டாம். பட்டறையில் அதைக் கொன்று அலசித்தான் அனுப்ப வேண்டும். மேலும் நம் தோலில் அது அறுக்க செல்லுலோஸ் கிடையாது. சோப்புத் தூளிலும் செல்லுலேஸ் சேர்ப்பது உண்டு. ஜப்பானின் காவோ நிறுவனம் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, காரத்தில் வேலை செய்யும் செல்லுலேஸைச் சேர்த்து ‘அட்டாக்’ சோப்புத் தூளை 1987-இலேயே விற்கத் தொடங்கியது.

நொய்யல் ஆற்றுக்குப் பயோ வாஷால் நல்லதா என்ற கேள்வியும் நியாயமானது. சாயக்கழிவு பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்டதை ஊரே மறக்கவில்லை. நொதி ஒரு புரதம். சுத்திகரிப்பு நிலையத்துக் கிருமிகள் அதைத் தின்றுவிடும். பெராக்சைடு கில்லரால் சுடுநீர் அலசல்கள் மிச்சமாகும். ஆனால் சாயம் ஏற்றப் போடும் உப்பை எந்த நொதியும் குறைக்காது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நொதி பயன்படுத்துவதை மட்டும் காட்டி ‘பசுமைத் துணி’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உப்பை எப்படி மீட்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கேனை எங்கே வைப்பது? தகரக் கூரைக்கடியில், பாய்லர் பக்கத்தில் வேண்டாம். வெயில் படாத, குளிர்ந்த இடம் வேண்டும். சூடு பட்டால், மெஷினுக்குள் வேலை முடிந்த பிறகு அவிழ வேண்டிய மடிப்பு கேனுக்குள்ளேயே அவிழ்ந்துவிடும். தெளிவாக இருந்த திரவம் கலங்கி அடியில் வண்டல் கட்டினால், புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை லாட்டில் போடுமுன் சிறு துண்டில் சோதியுங்கள்.

கடைசியாக, நொதியைக் கையால் எடுத்து ஊற்றும் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை. துணியில் ஒட்டியிருக்கும் நொதியைவிட மூச்சில் போகும் நொதிதான் ஆபத்து. இங்கிலாந்தில் சோப்புத் தூள் ஆலை ஒன்றில் பாக்டீரியா நொதித் தூளைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்தது 1969-இல் மருத்துவ இதழில் வெளியானது. அதன் பிறகுதான் தூள் பறக்காத குருணை வடிவத்துக்கு உலகம் மாறியது. எனவே தூள் நொதி வேண்டாம், திரவமோ குருணையோ வாங்குங்கள். தூள்தான் கிடைக்கிறது என்றால் முகக்கவசமும் கையுறையும் போடாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். கீழே சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். செலவுக் கணக்கில் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், முதலாளிகளே.